முகத்தலும் எடுத்தலும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகையாகப் பகுத்துக் கண்டது தமிழ் மரபு. எடுத்தல் என்பது தூக்கி நிறுத்தல். முகத்தல் என்பது கொள்கலத்தால் மொண்டு அளத்தல். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைத் தொல்காப்பியரே தெளிவாக உணர்ந்திருந்தார். எழுத்ததிகாரத்துத் தொகைமரபில், அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழி முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று அவர் கணக்கிட்டுச் சொல்கிறார். கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன முகத்தலுக்கும், கழஞ்சு, தொடி, பலம் முதலியன நிறுத்தலுக்கும் உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டுகள். இலக்கண வகுப்பில் இந்நூற்பாவைப் புணர்ச்சி விதியாகப் படித்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். அதற்குள் ஒரு வாழ்க்கைக் கணக்கு இருக்கிறது என்பதை நம் வீட்டு அடுக்களைதான் இன்று நமக்கு நினைவூட்டுகிறது.

தானியத்தை முகந்து அளந்த சமுதாயம் நம்முடையது. பொன்னையும் மணியையும் நிறுத்தார்கள். நெல்லையும் அரிசியையும் அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் பெயரால் பொன் நிறுக்கும் கல்லும் உண்டு. அதே பெயரால் நெல் அளக்கும் மரக்காலும் உண்டு. ஒரே பெயர், ஒரே அரசு, ஆயினும் கருவி இரண்டு. உண்பது எவ்வளவு என்று சொல்ல வந்த புறநானூற்று நக்கீரனாரும் நாழி என்றே சொன்னார். இறைவன் உணவளிப்பதைப் 'படியளத்தல்' என்று இன்றும் கூறுகிறோம். 'கிலோவளத்தல்' என்று எவரும் சொல்வதில்லை.

படி போய்க் கிலோ வந்த கதை

விடுதலை பெற்ற இந்தியா, ஊருக்கு ஒன்றாகக் கிடந்த அளவைகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. எடைகள், அளவைகள் பற்றிய தரப்படுத்தும் சட்டம் 1956-இல் நிறைவேறியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1960-களின் தொடக்கத்தில் கட்டாயமாயின. வீசையும் பலமும் தோலாவும் கடைத்தெருவை விட்டு வெளியேறின. நாற்பது பலம் கொண்ட சென்னை வீசை, 1 கிலோ 400 கிராம் ஆயிற்று. ஒரு பலம் 35 கிராம் ஆயிற்று. எடையிலிருந்து எடைக்கு மாறிய இம்மாற்றத்தில் சிக்கல் இல்லை. ஒரு பெருக்கல் வாய்பாடு போதும்.

படியின் கதை வேறு. படி ஒரு கொள்கலம். கிலோ ஓர் எடை. கடைக்காரர் படியைக் கைவிட்டுத் தராசை எடுத்தபோது, மாறியது அலகு மட்டுமன்று. அளக்கும் முறையே மாறிற்று. வீட்டில் படியும் உழக்கும் ஆழாக்கும் தொடர்ந்தன. கடையில் எடுத்தல், வீட்டில் முகத்தல் என்ற இரட்டை வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது.

மக்கள் மனத்தில் படி எவ்வளவு ஆழமாக வேரூன்றி இருந்தது என்பதற்கு 1967-ஆம் ஆண்டுத் தேர்தலே சான்று. மெட்ரிக் எடை கட்டாயமாகிச் சில ஆண்டுகள் கடந்த பின்னரும், அறிஞர் அண்ணாவின் கட்சி ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றுதான் வாக்களித்தது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கப்பட்டது. 'இத்தனை கிலோ' என்று சொல்லியிருந்தால் அந்த முழக்கம் அடுப்படி வரை சென்றிருக்குமா என்பது ஐயமே. பசிக்கு மக்கள் அறிந்த அளவு படிதான்.

அளக்கிற நாழி அகவிலை அறியுமா?

இது ஒரு பழமொழி. நாழி விலையை அறியாது என்பது அதன் பொருள். நாழி எடையையும் அறியாது என்பது நாம் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது.

பழைய வாய்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே படிக்கு 14,400 நெல். அதே படியில் மிளகு 12,800 என்றும் அவரை 1,800 என்றும் கணக்கதிகார மரபு கூறும். கொள்கலம் ஒன்றே, கொள்ளும் பொருளுக்கேற்ப எண்ணிக்கை மாறுகிறது. எண்ணிக்கை மாறுவதுபோல் எடையும் மாறும் என்பதே நம் முன்னோர் வாய்பாடு உணர்த்தும் பாடம்.

இன்றைய அலகில் பார்ப்போம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அதே லிட்டரில் பச்சை அரிசி ஏறத்தாழ 800 கிராம் பிடிக்கும். சமையல் எண்ணெய் 910 கிராம் அளவில் நிற்கும். கடையில் விற்கும் எண்ணெய் உறையைப் புரட்டிப் பார்த்தால் லிட்டரும் கிராமும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். மைதா மாவோ சலித்து இட்டால் ஒரு லிட்டருக்கு அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். அழுத்தி இட்டால் அதற்கும் மேலே ஏறும். எனவே, "ஒரு படி என்பது எத்தனை கிலோ?" என்ற கேள்விக்கு, "எதில் ஒரு படி?" என்ற எதிர்க்கேள்வியே முதல் விடை.

இரண்டாவது எதிர்க்கேள்வியும் உண்டு: "எந்த ஊர்ப் படி?" சென்னைப் பட்டணத்துப் படி ஒன்றரை லிட்டருக்கு மேல் கொண்டது, வேறு ஊர்களில் அதினும் சிறிய படிகள் வழங்கின. மூன்றாவது கேள்வி: "தலைதட்டி அளந்ததா, குவித்து அளந்ததா?" களத்து மேட்டில் குவித்து அளப்பதும், கடன் கொடுக்கையில் தலைதட்டுவதும் நாம் அறிந்தவை. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்னும் அம்மையார் 1896-இல் வெளியிட்ட சமையல் நூல், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டியே அளக்க வேண்டும் என்று வற்புறுத்திப் புகழ் பெற்றது. அந்நாட்டு இல்லங்கள் பல இன்றும் கோப்பையால் அளக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அடுக்களைத் தராசே ஆள்கிறது. ஆகவே இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று.

பிழை எங்கே நேர்கிறது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் உருவானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அதற்குச் சற்று முன்னரே எழுந்தது. அவற்றை நாடித் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் குடியேறின. ஒவ்வொரு குடும்பமும் தன் ஊர்ச் சமையலையும் தன் ஊர் உழக்கையும் கொண்டு வந்தது. பட்டறையில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளந்து இரும்பைக் கடைபவர் வீட்டில், அரிசி எவர்சில்வர் டம்ளரால் அளக்கப்படுகிறது. இதில் குறையொன்றும் இல்லை. அரிசிக்கும் நீருக்கும் அதே டம்ளர் இருக்கும் வரை 'ஒன்றுக்கு இரண்டு' என்ற விகிதம் பிழைக்காது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற இட்டலிக் கணக்கும் அவ்வாறே. ஒரே கொள்கலத்தால் அளக்கும் விகிதத்திற்கு மாற்று வாய்பாடு எதுவும் தேவையில்லை.

வீட்டுக் கணக்கைத் திருமணக் கணக்காக்கும்போதுதான் பிழை நுழைகிறது. இருபது கிலோ அரிசி மூட்டையாக வந்து இறங்குகிறது. 'ஒன்றுக்கு இரண்டு' என்பது நினைவில் இருக்கிறது. உடனே நாற்பது லிட்டர் நீர் என்று முடிவு செய்கிறார் ஆர்வமுள்ள ஓர் இளைஞர். ஆனால் அந்த 'ஒன்று' முகத்தல் அளவு. லிட்டருக்கு 800 கிராம் என்றால் இருபது கிலோ அரிசி 25 லிட்டர் இடத்தை அடைக்கும். அதற்கு இரண்டு பங்கு நீர் 50 லிட்டர். பத்து லிட்டர் குறைந்துவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு! முகத்தலில் ஒன்றுக்கு இரண்டு என்பது, எடுத்தலில் ஒன்றுக்கு இரண்டரை ஆகிவிடுகிறது. பெரிய தேக்சாவில் ஆவியாகும் நீரின் பங்கு குறைவாதலால், தேர்ந்த சமையற்காரர் நீரைச் சற்றுக் குறைப்பார் என்பது உண்மையே. அவர் குறைப்பது கணக்கறிந்து. இளைஞர் குறைப்பது கணக்கறியாமல். இரண்டாவதன் விளைவு அடிப்பிடித்த சோறும் அரைவேக்காட்டுப் பந்தியும். வீணாவது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது ஓசையின்றி நேர்கிறது. "இதற்கு எவ்வளவு மாவு, பாட்டிம்மா?" என்று பேத்தி கேட்கிறாள். "நம்ம உழக்கால் ஒன்றரை" என்கிறார் மூதாட்டி. பேத்தி அதை ஏட்டில் எழுதிக்கொள்கிறாள். சில ஆண்டுகளில் மூதாட்டி மறைகிறார். வீடு மாறும்போது அந்த உழக்கு பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போகிறது. ஏட்டில் 'ஒன்றரை உழக்கு' நிற்கிறது; அது எவ்வளவு என்று சொல்ல எவரும் இல்லை. சொல் எஞ்சிப் பொருள் இறந்த நிலை இது. பழந்தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் காண நாம் படும் பாட்டை, நம் வீட்டுக் குறிப்பேடு ஒன்றே ஒரு தலைமுறைக்குள் நமக்குத் தந்துவிடுகிறது.

மதீனாவின் ஸாவு

முகத்தலை எடுத்தலாக மாற்றும் இவ்வினாவை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். நோன்புப் பெருநாள் தருமமாகிய ஃபித்ரா ஒரு ஸாவு என்று வரையறுக்கப்பட்டது. ஸாவு என்பது முகத்தல் அளவு. நான்கு முத் கொண்டது. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத் என்பர். பேரீச்சம்பழம், வாற்கோதுமை, உலர்ந்த திராட்சை, உலர்த்திய தயிர்க்கட்டி ஆகியவை ஃபித்ரா பற்றிய நபிமொழியில் இடம்பெறும் பொருள்கள். இவற்றை ஒரே ஸாவால் முகந்தால் எடை ஒன்றாக இராது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஸாவின் எடை எவ்வளவு என்பதில் இராக்கு அறிஞர்க்கும் மதீனத்து அறிஞர்க்கும் கருத்து வேறுபாடு இருந்தது. எட்டு ரத்தல் என்றனர் இராக்கியர். ஐந்தும் மூன்றில் ஒன்றும் என்றனர் மதீனத்தார். (நம் 'இராத்தல்' இந்த அரபுச் சொல்லின் வழி வந்ததே. ஈழத்துத் தமிழர் பாணை இன்றும் இறாத்தலில்தான் கேட்டு வாங்குகின்றனர்.) இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் தலைமாணாக்கரான இமாம் அபூ யூஸுஃப் மதீனா சென்றபோது இது குறித்து வினவினார். மதீனத்து முதியோர் பலர் தத்தம் இல்லத்து ஸாவுக் கலத்தை மேலாடைக்குள் ஏந்தி வந்து, "இது என் தந்தை வழி வந்தது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து அளவு" என்று சான்று பகர்ந்தனர். அபூ யூஸுஃப் அவற்றை அளந்து பார்த்தார். தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனத்துக் கணக்கை ஏற்றார் என்பது வரலாறு.

மாணவச் செல்வங்கள் இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்க வேண்டும். ஒரு பேரறிஞரின் முடிவை மாற்றியது ஏட்டுச் சான்றன்று, வீட்டுப் பாத்திரம். தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்த ஒரு கொள்கலம் சட்ட ஆதாரமாக நின்றது. நம் வீட்டு உழக்கை எடைக்குப் போடுமுன் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாகாதா?

பின்வந்த இமாம் நவவீ அவர்கள், ஸாவை எடையால் வரையறுப்பதில் உள்ள இடர்ப்பாட்டைச் சுட்டினார்கள். தானியத்துக்குத் தானியம் எடை மாறுவதால் முகத்தலே மூலம் என்பதும், எடை ஒரு வழிகாட்டியே என்பதும் அவர்கள் கருத்து. இன்று ஃபித்ராவுக்கு இரண்டு கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை வெவ்வேறு கணக்குகள் உலகில் வழங்குவதற்கு மத்ஹபு வேறுபாடு ஒரு காரணம். எந்தத் தானியத்தை அளந்தனர் என்பது மற்றொரு காரணம். நம் பகுதியில் ஹனஃபியும் ஷாஃபியும் ஒரே வரிசையில் தொழுகின்றனர். அறிவிப்புப் பலகையில் காணும் எண்கள் வேறுபடுவது கண்டு இளைஞர் மயங்க வேண்டியதில்லை. அதன் பின்னால் இருப்பது அறிவுத் தேட்டம் என்று உணர்ந்தால் போதும்.

இரு சாராருக்கும் ஒரு சொல்

"கைக்குத் தெரியும் கணக்கு, கிராம் எதற்கு?" என்பர் மூத்தோர் சிலர். கை அறியும் என்பதை மறுப்பார் இல்லை. ஆயின் கையின் அறிவு அக்கையோடு போய்விடும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது செய்தது, கையின் அறிவை எழுத்தில் நிறுத்தும் அரும்பணி. அப்பணி ஒவ்வோர் இல்லத்திலும் நடைபெற வேண்டும்.

"எல்லாவற்றையும் தராசில் இடுவோம்" என்பர் இளையோர் சிலர். தராசும் முற்றறிவுடையதன்று. ஈரம் ஏறிய அரிசி எடை கூடும். ஊறிய பருப்பு இரட்டிப்பு நிற்கும். சிட்டிகைப் பெருங்காயத்தை நிறுக்க முற்படுவது நகைப்புக்கு இடமாகும். மேலும், களத்தில் முதற் படியை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று வாழ்த்தி எண்ணிய உழவரின் உள்ளத்தை எந்த மின்னணுத் தராசும் காட்டாது.

எனவே என் கருத்தை மூன்று நெறிகளாகத் தொகுத்துரைக்கலாம். ஒன்று: ஒரே கொள்கலத்தால் அளக்கும் விகிதங்களை அப்படியே விட்டுவிடுக. இரண்டு: குறிப்பு ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்கோ, ஒரு குடும்பத்துக்கான சமையல் ஊர்ப் பந்திக்கோ செல்லும்போது எடையாக மாற்றுக, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்து மாற்றுக. அனைத்துக்கும் ஒரே வாய்பாடு என்பது ஆகாது. மூன்று: பிறர்க்கு உரிய பங்கை அளக்கும்போது, ஐயம் எழுந்தால் கூடுதலின் பக்கம் நிற்க. நம் நாவின் சுவையில் ஐம்பது கிராம் குறைந்தால் குறையில்லை. ஏழையின் பங்கில் குறையலாகாது. அளவையிலும் நிறுவையிலும் குறைப்போர் பற்றி எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் அவர்கள் பெயராலேயே அமைந்துள்ளது. அது முகத்தலையும் எடுத்தலையும் சேர்த்தே குறிப்பிடுகிறது என்பது இங்கு எண்ணத்தக்கது.

தமிழ்த்துறை செய்யத்தக்கது

இது மனையியல் துறைக்குரிய பொருள் என்று தமிழ் மாணவர் ஒதுங்கிவிட வேண்டா. செய்முறை மிக எளிது. வீட்டில் உள்ள பழைய படி, உழக்கு, ஆழாக்கு, டம்ளர் எதுவாயினும் எடுத்து, வெறுங்கலமாக ஒருமுறை நிறுக்க வேண்டும். பிறகு விளிம்பு வரை நீர் நிரப்பி மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு எத்தனை கிராமோ, அத்தனை மில்லி லிட்டர் அக்கலத்தின் கொள்ளளவு. தெருமுனை மளிகைக் கடைத் தராசே இதற்குப் போதும். பின்னர் அதே கலத்தில் அரிசி, உளுந்து, மாவு, சர்க்கரை என ஒவ்வொன்றையும் தலைதட்டி நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். அவ்வீட்டார் குவித்து அளப்பவராயின் குவித்தும் நிறுத்துக் குறிப்பது நன்று.

அதனுடன் அக்கலத்தின் பெயர், அது வந்த ஊர், அதைப் பற்றி வீட்டில் வழங்கும் சொல், பழமொழி ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்னும் பழமொழியை நம் மாணவர் அறிவர். உழக்கைக் கண்ணால் கண்டவர் அவர்களுள் எத்தனை பேர்? ஒரு வகுப்பு மாணவர் ஐம்பதின்மர் ஐம்பது இல்லங்களில் இதைச் செய்தால், சென்னைக்கு மேற்கே குடியேறிய மக்களின் அளவைச் சொற்களும் சமையற் குறிப்புகளும் ஒருசேரத் தொகுக்கப்படும். சொல்லாராய்ச்சிக்கும் அது பயன்படும். சோற்றுப் பானைக்கும் பயன்படும்.

பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்கு அரசு வழங்கும் அரிசி மெட்ரிக் டன் கணக்கில் அறிவிக்கப்படுகிறது. மூட்டை கிலோவில் வந்து இறங்குகிறது. கஞ்சியோ இறுதியில் குவளையால்தான் முகந்து ஊற்றப்படுகிறது. டன்னில் தொடங்கிய கணக்கு குவளையில் முடியும் வரை, வரிசையில் கடைசியாக நிற்கும் சிறுவனுக்கும் குறையாமல் கிடைக்கச் செய்வதே அளவை அறிவின் பயன். எடுத்தலும் முகத்தலும் இருவேறு கருவிகள். அவை காக்க வேண்டிய நீதி ஒன்றே. அதனை அறிந்து அளப்போமாக!